மோட்டார் வண்டி இருக்கையில் மறைந்துள்ள வசதிகள்

இக்காலத்து மோட்டார் வண்டிகளைக் கூர்ந்து நோக்குவார்க்கு விந்தையானதொரு செய்தி புலனாகும். ஒரே தொழிற்சாலையில் ஒரே வாரத்தில் உருவாகி வெளிவந்த இரண்டு வண்டிகளுள் ஒன்றன் இருக்கை, ஓட்டுபவர் இறங்க முற்படுங்கால் தானே பின்வாங்கி அவருக்கு வழிவிடுகின்றது. மற்றொன்றன் இருக்கையோ அசையாது நிற்கின்றது. இரண்டிலும் உள்ள மோட்டார்கள் ஒரே வகையின. கம்பிகளும் ஒரே வகையின. அவற்றை ஆளும் மின்னணுப் பெட்டியும் ஒன்றே. பின்னர் வேற்றுமை யாண்டுளது எனின், அப்பெட்டியின் நினைவகத்திற் பொறிக்கப்பட்டுள்ள ஓர் எண்ணின்கண் உளதாதல் கூடும். அவ்வெண்ணை மாற்றினால் உறங்கிக்கிடந்த வசதி விழித்தெழும். இம்மாற்றத்தையே தொழிற்கூடங்களில் 'கோடிங்' என வழங்குகின்றனர். அஃது யாது, எவ்வாறு இயல்வது, எவ்வெல்லையுள் தகுவது, அதனால் விளையும் நன்மை தீமைகள் யாவை என்பனவற்றை மாணவ நண்பர்களுக்கு விளக்குதலே யாம் இக்கட்டுரையில் மேற்கொண்ட நோக்கமாகும்.

1. வசதிகள் யாவை?

மின்சாரத்தால் இயங்கும் இருக்கை, பொத்தானை அழுத்திய அளவில் முன்னும் பின்னும், மேலும் கீழும் நகரும். அதன் முதுகுப் பகுதியும் அவ்வாறே நிமிரும், சாயும். இத்துணையளவே ஒரு வசதியன்றோ எனின், இதன்மேற் கட்டப்படும் வசதிகள் வேறு சில உள. அவற்றை நான்காக வகுத்துக் கொள்ளலாம்.

முதலாவது, நினைவு. உயரமான கணவரும் குள்ளமான மனைவியும் ஒரே வண்டியை மாறி மாறி ஓட்டுவராயின், தத்தமக்கேற்ற நிலையை ஒவ்வொரு பொத்தானில் பதித்துவைத்து, வேண்டும்போது ஒரே அழுத்தத்தில் மீட்டுக்கொள்ளலாம். இரண்டாவது, சாவியோடு இணைந்த நினைவு. யாருடைய சாவி கதவைத் திறந்ததோ அவருடைய நிலைக்கு இருக்கை தானே வந்து நிற்கும். மூன்றாவது, ஏறி இறங்குதற்கு உதவுதல். வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தவுடன் இருக்கை சில அங்குலம் பின்வாங்கும். மீண்டும் அமர்ந்து வண்டியைக் கிளப்பியதும் பழைய நிலைக்கு வரும். நான்காவது, பின்னோக்கிச் செலுத்துங்கால் பக்கத்துக் கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்ந்து, தெருவோரத்து விளிம்பை ஓட்டுபவருக்குக் காட்டுதல். இந்நான்காவது இருக்கையினது தொழில் அன்றாயினும், பல வண்டிகளில் இருக்கையின் நினைவோடு சேர்த்தே வைக்கப்படுகின்றது.

இவற்றைச் செல்வர்தம் விளையாட்டு என இகழ்ந்து தள்ளுதல் பொருந்தாது. முழங்கால் மடங்காத முதியவர்க்கும், இடுப்பில் அறுவைச் சிகிச்சை பெற்றவர்க்கும், பிறர் துணையின்றித் தாமே இறங்கி நடப்பதற்கும், கதவைப் பற்றிக்கொண்டு ஒருவரை எதிர்பார்த்து நிற்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு அச்சில அங்குலமே ஆகும்.

2. சிறிது வரலாறு

தானே நகரும் இருக்கை கணிப்பொறியின் குழந்தை என்று எண்ணுதல் தவறு. அமெரிக்க நாட்டில் ஃபோர்டு நிறுவனத்தார் 1957-ஆம் ஆண்டின் தண்டர்பேர்டு வண்டியில் 'டயல்-ஓ-மேட்டிக்' என்ற பெயரால் ஓர் இருக்கையை விருப்பப் பொருளாக விற்றனர். வண்டியின் இயக்கத்தை நிறுத்தியவுடன் அது பின்வாங்கும். மீண்டும் இயக்கியதும் முன்னர்க் குறித்துவைத்த நிலைக்குத் திரும்பும். அதே ஆண்டில் காடில்லாக் நிறுவனத்தாரின் எல்டொராடோ பிரௌம் என்னும் விலையுயர்ந்த வண்டியிலும் நினைவுள்ள இருக்கை அமைந்திருந்தது. மென்பொருள் என்னும் சொல்லே வழக்கில் ஊன்றாத காலம் அது.

அக்காலத்து அமைப்பில் ஒரு வசதி வேண்டுமாயின் அதற்கெனத் தனிக் கம்பியும் தனிச் சுவிட்சும் இருத்தல் வேண்டும். வசதி பெருகப் பெருகக் கம்பிக்கட்டும் பருத்தது, எடை மிகுந்தது, பழுது காண்டலும் அரிதாயிற்று. இவ்விடர்ப்பாட்டை நீக்குதற்கு ஜெர்மனி நாட்டு பாஷ் நிறுவனத்தார் 1983-இல் தொடங்கி ஆராய்ந்து, 1986-இல் டெட்ராய்ட் நகரில் கூடிய பொறியியலார் மாநாட்டில் 'கேன்' என்னும் தொடர்பு முறையை வெளியிட்டனர். இதன்படி முறுக்கிய இரண்டு கம்பிகளே வண்டியெங்கும் ஓடும். எல்லா மின்னணுப் பெட்டிகளும் அவ்விரண்டிலேயே தம் செய்திகளை எழுதும், பிறவற்றின் செய்திகளைப் படிக்கும். ஊர் நடுவே நின்று ஒருவர் உரக்கக் கூற, கேட்போர் தமக்குரியதை மட்டும் கொள்வது போன்றது இது. 'ஓட்டுநர் கதவு திறந்தது' என்ற செய்தியைக் கதவுப் பெட்டி ஒருமுறை சொன்னாற் போதும். விளக்கும் கேட்கும், பூட்டும் கேட்கும், இருக்கையும் கேட்கும். அச்செய்தி எப்படியும் வந்துகொண்டே இருத்தலின், 'அதனைக் கேட்டபோது பின்வாங்கு' என்று இருக்கைக்குக் கட்டளையிடப் புதிய கம்பி வேண்டுவதில்லை. ஒரு கட்டளையே போதும். மறைந்த வசதிகள் என்பன பிறந்த இடம் இதுவே.

3. இருக்கை தன் நிலையை அறியுமாறு

நினைவுள்ள இருக்கை தான் நிற்கும் இடத்தை எவ்வாறு அறிகின்றது? அதன் மோட்டாரின் அச்சில் ஒரு சிறு காந்தம் பொருத்தப்பட்டிருக்கும். அதன் அருகே ஹால் உணர்வி என்னும் கருவி அமைந்திருக்கும். எட்வின் ஹால் என்னும் அமெரிக்க அறிஞர் 1879-இல் கண்ட காந்த விளைவே இதற்கு அடிப்படையாதலின் அப்பெயர் பெற்றது. அச்சுச் சுழலுந்தோறும் உணர்வி மின்துடிப்புக்களை எழுப்பும். பெட்டி அவற்றை எண்ணும். முன்னே நகர்ந்தால் கூட்டும், பின்னே நகர்ந்தால் கழிக்கும். ஆகவே, நாம் நினைவு என்று சொல்வது, உண்மையில் ஒவ்வொரு மோட்டாருக்கும் உரிய ஓர் எண்ணிக்கையே. இருக்கை நகர்ந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் அற்றுப்போயின் எண்ணிக்கை பிழைபடுதல் கூடும். அப்போது இருக்கையை இரு கோடிகளுக்கும் முழுதும் ஓட்டி, எல்லைகளை அதற்கு மீண்டும் கற்பித்தல் பல வண்டிகளில் உள்ள வழக்கம்.

இதனின்று ஒரு முடிபு தெளிவாகின்றது. மோட்டார் இருந்தும் உணர்வி இல்லாத இருக்கைக்கு நினைவு வாராது. எத்துணைத் திறமையுடன் எண்களை மாற்றினும், எண்ணிக்கை செய்யும் உறுப்பே இல்லாதவிடத்து எண்ணுதற்கு யாதுளது? கோடிங் என்பது உள்ளதனை எழுப்புமேயன்றி இல்லதனைப் படைக்காது. இவ்வுண்மையை மறந்தோர் பொருளும் பொழுதும் இழப்பர்.

4. எண்ணுள் ஒளிந்த சுவிட்சுகள்

இனி, கோடிங் என்பதன் உள்ளியல்பைக் காண்போம். பெட்டியின் நினைவகத்தில் அமைப்பு எண்கள் வரிசையாக உள்ளன. ஒவ்வோர் எண்ணும் ஒரு 'பைட்' எனப்படும். ஒரு பைட்டில் எட்டுப் 'பிட்டுகள்' உண்டு. ஒவ்வொரு பிட்டும் 0 அல்லது 1 என நிற்கும். அவற்றை எட்டுச் சுவிட்சுகளாகக் கருதுக. 0 எனின் அணைந்தது. 1 எனின் எரிவது. வலப்புறத்தினின்று இடப்புறமாக அவற்றின் மதிப்பு 1, 2, 4, 8, 16, 32, 64, 128 என இரட்டித்துச் செல்லும். எட்டு இலக்கங்களையும் எழுதுதல் நீளுமாகையால், பதினாறின் அடிப்படையில் இரண்டே இலக்கங்களாகச் சுருக்கி எழுதுவர்.

விளக்கத்தின் பொருட்டு ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் கூறுவோம். ஓர் இருக்கைப் பெட்டியில் ஒரு பைட் 14 என எழுதப்பட்டுள்ளது எனக் கொள்க. இது பதினாறின் கணக்காதலின் ஒரு பதினாறும் ஒரு நான்கும் ஆகும். விரித்தெழுதின் 0001 0100. அஃதாவது, 16-ஆம் மதிப்புச் சுவிட்சும் 4-ஆம் மதிப்புச் சுவிட்சும் எரிகின்றன. இறங்குதற்கு உதவும் வசதி 32-ஆம் மதிப்புச் சுவிட்சுக்கு உரியது எனின், அதனை ஏற்ற வேண்டும். அப்போது 0011 0100 ஆகும். சுருக்கி எழுதின் 34. ஒரே இலக்கம் 1 என்பதினின்று 3 ஆயிற்று. ஆனால் மற்றை ஏழு சுவிட்சுகளும் முன்பிருந்தவாறே நிற்கின்றன. இக்கணக்கை அறியாது, பிறருடைய வண்டியில் 34 எனக் கண்டதை அப்படியே எடுத்துத் தம் வண்டியில் எழுதுவோர், மற்றை ஏழு சுவிட்சுகளையும் அறியாமலே மாற்றிவிடுதல் கூடும். ஒரு சுவிட்சை நாடியவர் எட்டையும் கலைத்துவிடும் கேடு இங்ஙனமே நேர்கின்றது.

5. செய்முறை

ஓட்டுநரின் முழங்கால் அருகே, ஸ்டீயரிங்கின் கீழ்ப்புறத்தே, பதினாறு ஊசிகளை ஏற்கும் ஒரு துளை உண்டு. இதனை ஓ.பி.டி. துளை என்பர். புகையின் தூய்மையைச் சோதித்தற் பொருட்டு 1996-ஆம் ஆண்டு மாதிரி முதலாக அமெரிக்க நாட்டில் விற்கப்படும் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. ஐரோப்பாவிற் பெட்ரோல் வண்டிகளுக்கு 2001-இல் கட்டாயமாயிற்று. புகைச் சோதனைக்கென வைத்த வாயிலே பெட்டிகள் பலவற்றோடும் பேசுதற்குரிய வாயிலும் ஆயிற்று.

இத்துளையிற் பொருத்தும் சிறு கருவியும், அதனோடு பேசும் மென்பொருளும் வண்டிக்கு வண்டி வேறுபடும். வோக்ஸ்வாகன் குழுமத்து வண்டிகளுக்கு வி.சி.டி.எஸ்., பி.எம்.டபிள்யூ. வண்டிகளுக்குப் பிம்மர்கோடு, ஃபோர்டு வண்டிகளுக்கு ஃபோர்ஸ்கேன் என்பன பலரறிந்தவை. வோக்ஸ்வாகன் குழுமத்து வண்டிகளில் ஓட்டுநரின் இருக்கை நினைவுப் பெட்டிக்கு 36 என்னும் முகவரி வழங்குகின்றது. பெட்டியை அழைத்து, எண்ணைப் படித்து, வேண்டுமாயின் கடவு எண் கொடுத்து, புதிய எண்ணை எழுதுதலே தொழில். கடவு எண் கேட்கும் முறையும் நுட்பமானது: பெட்டி ஓர் எண்ணை வினாவாக விடுக்கும், மறைபொருளான ஒரு கணக்கால் அதற்குரிய விடையைக் கருவி கண்டுரைத்தாலன்றி எழுத விடாது.

இத்தொழிலிற் புகுவார் மேற்கொள்ளத்தக்க ஒழுங்குகள் சில உள. முதற்கண், யாதொன்றையும் மாற்றுமுன் எல்லாப் பெட்டிகளின் எண்களையும் படித்துக் கோப்பிற் சேமித்தல் வேண்டும். பழைய எண் கையில் உள்ளவரை திரும்பும் வழி உண்டு. இரண்டாவது, பேட்டரி தளராதவாறு சார்ஜரை இணைத்துவைத்தல் வேண்டும். எழுதுகையில் மின்சாரம் தளர்ந்தால் பெட்டி பாதி எழுதிய ஏடாய்ப் பயனற்றுப் போதல் கூடும். மூன்றாவது, ஒருமுறைக்கு ஒரு மாற்றமே செய்து, சோதித்த பின்னரே அடுத்ததற்குச் செல்லுதல் வேண்டும். நான்காவது, செய்த நாளையும் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் குறிப்பேட்டில் எழுதிவைத்தல் வேண்டும். வண்டியை விற்கும்போது அக்குறிப்பு வாங்குவோரிடம் சேர்தல் அறமாகும். ஏனெனின், அசையாதென்று எண்ணியமர்ந்த இருக்கை திடுமென நகரின் அறியாதவர் அஞ்சுவர்.

6. ஏன் மறைத்தனர்?

இருக்கும் வசதியை உற்பத்தி செய்தோர் ஏன் அணைத்துவைத்தனர் என்ற வினா எழுதல் இயல்பே. காரணங்கள் பல. பல நாடுகளுக்கும் பல விலைகளுக்கும் உரிய வண்டிகளுக்கு ஒரே பெட்டியைச் செய்தல் செலவிற் குறைவு. ஒரு நாட்டுச் சட்டமும் வழக்கமும் மற்றொரு நாட்டிற்கு ஒவ்வா. உயர்ந்த விலை வண்டிக்குச் சிறப்பாக ஏதேனும் இருத்தல் வேண்டுமென வணிகர் கருதுவர். இவை மூன்றும் வணிகக் காரணங்கள். நான்காவது காரணம் வணிகம் அன்று, அது காப்பு. அதனை ஊன்றி நோக்குதல் வேண்டும்.

இருக்கை பின்வாங்கும் என்பது ஓட்டுபவரின் பார்வையிலிருந்து கூறிய செய்தி. பின்னால் அமர்ந்திருப்பவரின் பார்வையில், அவ்விருக்கை தம்மை நோக்கி வருகின்றது. அங்கே ஒரு குழந்தை கால் நீட்டி உறங்கலாம். பின்னோக்கி அமைத்த குழந்தை இருக்கை ஒன்று முன்னிருக்கையின் முதுகுக்கு விரலளவு இடைவெளியில் நிற்கலாம். தந்தையின் முழங்காலுக்கு எளிமை தந்த அச்சில அங்குலமே குழந்தையின் காலுக்கு இடுக்கியாகிவிடும். மேலேறும் சாளரக் கண்ணாடிகள் பலவற்றில் தடையை உணர்ந்து இறங்கும் அமைப்பு உண்டு. அத்தகையது இருக்கையிலும் இருக்குமென நம்பியிருத்தல் கூடாது.

உற்பத்தி செய்தோர் இதனை அறியாதவரல்லர். பல வண்டிகளில், கதவு திறந்திருக்கும்போது நினைவுப் பொத்தானை ஒருமுறை தட்டினாற் போதும்; கதவு மூடியிருப்பின் இருக்கை உரிய இடத்தை அடையுமளவும் பொத்தானை விடாது அழுத்தியிருத்தல் வேண்டும். இதனைத் தொல்லை என்று கருதி மாற்ற விரும்புவோர் உளர். ஆனால் அதன் கருத்து யாது? ஓடும் வண்டியில் இருக்கை தன்விருப்பாய் நகர்ந்தால், ஓட்டுபவரின் கால் பிரேக்கை எட்டாது போகலாம். விரல் எடுத்த அளவில் நின்றுவிடும் ஏற்பாடு அவரைக் காக்கும் வேலி. தொல்லை என்று தோன்றும் ஒவ்வொன்றும் தொல்லையன்று, சில, வேலிகள்.

ஆதலின் இவ்வசதியை எழுப்பியவர், முதலிற் பின்னிருக்கையில் எவரையும் அமர்த்தாது, அவ்விடத்தே வெற்று அட்டைப்பெட்டி ஒன்றை நிறுத்தி, இருக்கை எத்துணை தூரம் வருகின்றது, பெட்டியை நசுக்குகின்றதா என்று பார்த்தல் வேண்டும். நசுக்குமாயின், குழந்தையை ஓட்டுநரின் பின்புறத்தே அமர்த்தும் குடும்பத்தில் அவ்வசதி அணைந்தே கிடத்தல் நலம். ஏர்பேக், பெல்ட் எச்சரிக்கை, அமர்ந்தவரின் எடையறியும் உணர்வி ஆகியவற்றிற்குரிய எண்களையோ எக்காரணம் பற்றியும் தொடலாகாது.

7. யாருக்குரியது இவ்வெண்?

இனி, வேறொரு வழக்கு உளது. விலை கொடுத்து வாங்கிய வண்டியில் உள்ள மோட்டாரும் கம்பியும் வாங்கியவருக்குரியன என்பதில் ஐயமில்லை. அவற்றை இயக்கும் எண் யாருக்குரியது?

டெஸ்லா நிறுவனத்தாரின் மாடல் 3 வண்டிகள் சிலவற்றின் பின்னிருக்கையில் வெப்பமூட்டும் கம்பிகள் தொழிற்சாலையிலேயே வைக்கப்பட்டிருந்தும், மென்பொருளால் பூட்டப்பட்டு, தனி விலை தந்தவர்க்கே திறக்கப்பட்டன. 2022 ஜூலையில், பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தார் தென்கொரியாவில் முன்னிருக்கை வெப்பத்திற்கு மாதந்தோறும் சந்தா குறித்த செய்தி வெளியாகவே, உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 2023 செப்டம்பரில், இருக்கை வெப்பத்திற்கு இனி அவ்வாறு வாங்குவதில்லை என்று அந்நிறுவனத்தார் அறிவித்தனர். அதே 2023 ஆகஸ்டில், பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் சிலர், டெஸ்லா வண்டியின் கணிப்பொறிக்குச் செல்லும் மின்னழுத்தத்தை நொடியினும் சிறுபொழுது தளர்த்தி, அப்பூட்டைத் திறக்கக்கூடும் எனக் காட்டினர். மக்கள் மனம் எப்பக்கம் சாய்ந்தது என்பதை இந்நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

சட்டமும் இதனை ஓரளவு நோக்கியுள்ளது. அமெரிக்க நாட்டிற் பதிப்புரிமைச் சட்டம் மென்பொருட் பூட்டுகளை உடைத்தலைத் தடுக்கின்றது. ஆயினும் 2015 அக்டோபரில், வண்டியைப் பழுதுபார்த்தற்கும் சட்டத்திற்குட்பட்டு மாற்றியமைத்தற்கும் அதினின்று விலக்கு அளிக்கப்பட்டது. அவ்விலக்கு ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்து, பின்னரும் புதுப்பிக்கப்பட்டு வருகின்றது.

உற்பத்தி செய்தோர் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. 2015 ஜூலையில், சார்லி மில்லர், கிறிஸ் வலசெக் என்னும் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கி வண்டியைத் தொலைவிலிருந்தே அடக்கிக் காட்டினர். அதன் விளைவாக 14 லட்சம் வண்டிகள் திருத்தத்திற்கு அழைக்கப்பட்டன. பின்னர் வந்த வண்டிகளில் வாயில்கள் இறுகின. வோக்ஸ்வாகன் நிறுவனத்தார் எட்டாம் தலைமுறைக் கோல்ஃப் வண்டி முதலாக, பெட்டியின் எண்ணை மாற்ற வேண்டின் தம்மிடமிருந்து இணைய வழியே அனுமதிச் சீட்டுப் பெறுமாறு செய்தனர். கள்வனுக்கு அடைத்த கதவு வீட்டுக்காரனுக்கும் அடைபடுகின்றது என்பதே இங்கு எழும் குறை.

எம் கருத்து இது. பிறர்க்குத் தீங்கு நேராத வசதியை, தன் பொருளில் உள்ளதாகலின், உடையவன் எழுப்பிக்கொள்ளுதல் முறையே. ஆனால் உரிமையோடு பொறுப்பும் வரும். தான் செய்த மாற்றத்தால் நேர்ந்த பழுதுக்கு உத்தரவாதம் கேட்டு நிறுவனத்தை நெருக்குதல் நேர்மையன்று. தொழிற்கூடத்தில் புதிய மென்பொருளை ஏற்றியபோது தன் மாற்றம் அழிந்துபோயின் சினத்தலும் தகாது. மாற்றியதை மறைத்து விற்றல் அறவே ஆகாது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், இருக்கையின் மறைந்த வசதி என்பது மாயமன்று, ஓர் எண்ணில் ஒரு சுவிட்சு என்பதும், உறுப்பு இல்லாதவிடத்து எண் பயன்படாது என்பதும், கணக்கறியாது எழுதுதல் கேடு தரும் என்பதும், பின்னே அமர்ந்திருப்பவரை எண்ணாது முன்னே அமர்ந்திருப்பவரின் வசதியை எண்ணலாகாது என்பதும் விளங்கும். இயந்திரம் சொன்னதைச் செய்யும். சொல்லத்தக்கது யாதென ஆராய்தல் அதன் தொழிலன்று, நம் தொழில். பொறியியல் பயிலும் மாணவர், ஒரு பொத்தானை அமைக்குமுன்னும் ஓர் எண்ணை மாற்றுமுன்னும், 'இது நகரும்போது யார் மேல் நகரும்?' என்ற ஒரு வினாவைத் தமக்குள்ளே கேட்டுக்கொள்வராயின், இக்கட்டுரை எழுதியதன் பயனை யாம் பெற்றவராவோம்.